ஒரு செடான், நான்கு மாதம், மூன்று விலை: திருச்சிக் குடும்பம் ஒன்றின் கார் வாங்கிய நிகழ்வு ஆய்வு

2025 ஜூனில் தொடங்கி அக்டோபரில் முடிந்த ஒரு கார் கொள்முதலின் பதிவு இது. வாங்கியது என் நண்பர் குடும்பம். கணக்குப் போட்டுக் கொடுக்கவும் ஷோரூமுக்குக் கூட வரவும் என்னைக் கூப்பிட்டார்கள். அதனால் பெரும்பாலானவற்றை நேரில் பார்த்தேன். கடைசியில் எந்த வண்டியை எடுத்தார்கள், எந்த டீலரிடம் என்பதைச் சொல்லப்போவதில்லை. வண்டிக்கு மதிப்பெண் போடுவது இந்தப் பதிவின் வேலை இல்லை.

பின்னணி

ஸ்ரீரங்கத்தில் சொந்த வீடு. கணவருக்கு 53 வயது, மனைவிக்கு 48. மகள் சென்னையில் கல்லூரியில் படிக்கிறாள். கணவரின் அம்மாவுக்கு 74 வயது. வலது முழங்காலில் மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். வீட்டில் இருந்தது 2011 மார்ச்சில் எடுத்த ஒரு ஐ10. பதினைந்து வருடம் முடிவதால் 2026 மார்ச்சில் ஆர்.சி.யை (பதிவுச் சான்று) புதுப்பிக்க வேண்டியிருந்தது. அதற்குக் கட்டணம் மட்டும் 5,000 ரூபாய். எஃப்.சி.க்கு (தகுதிச் சான்று) வண்டியைத் தயார் செய்யும் செலவு அதற்கு மேல். ஏ.சி. கம்ப்ரஸரும் போகும் நிலையில் இருந்தது. ஆகவே, மார்ச்சுக்குள் புது வண்டி என்பது முடிவாகிவிட்டது.

செடான்தான், அதாவது டிக்கி தனியாகப் பின்னால் நீளும் தாழ்வான கார்தான், வேண்டும் என்பதில் கணவர் உறுதியாக இருந்தார். இந்தக் காலத்தில் எஸ்.யு.வி. எடுக்காமல் ஏன் என்று நானும் கேட்டேன். பதில் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. அம்மாவின் உயரம் 4 அடி 10 அங்குலம். தம்பி வீட்டு எஸ்.யு.வி.யில் ஏற அவருக்கு ஒரு முக்காலி போடவேண்டியிருந்தது. "அதுல ஏறுறதுக்கு நான் வீட்டுலயே இருந்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டாராம்.

நடுத்தர செடான் என்று இந்தியாவில் 2025-ல் தேடினால் கிடைத்தவை மிகச் சில: ஹோண்டா சிட்டி, ஹூண்டாய் வெர்னா, ஸ்கோடா ஸ்லாவியா, ஃபோக்ஸ்வாகன் வெர்டஸ். மாருதி சியாஸ் 2025 ஏப்ரலோடு நின்றுவிட்டது. எல்லாம் நாலரை மீட்டரை ஒட்டிய நீளம், ஐந்நூறு லிட்டருக்கு மேல் டிக்கி. மனைவியும் ஓட்டப்போவதால் ஆட்டோமேடிக் கட்டாயம். நடுத்தர வேரியன்ட் (ஒரே மாடலில் வசதிகளின்படி வரும் வகைகளில் நடுவானது) எக்ஸ்-ஷோரூமில், அதாவது ஆயுள் வரியும் காப்பீடும் சேராமல், ஏறக்குறைய 15 லட்சம் வந்தது. கணக்கு எளிதாக இருக்க, இனி 15 லட்சம் என்றே வைத்துக்கொள்கிறேன். உண்மை விலை அதற்குச் சில ஆயிரம் முன்னே பின்னே.

ஜூன், ஜூலை: முதல் சுற்றில் கண்டவை

மூன்று ஷோரூம்கள், மூன்று டெஸ்ட் டிரைவ். ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைப் பார்த்தார்கள். மகளுக்கு சன்ரூஃப். கணவருக்கு அடாஸ், அதாவது முன்னால் போகிற வண்டியைப் பார்த்துத் தானே வேகம் குறைப்பது, லேனை விட்டு விலகினால் ஸ்டியரிங்கைத் தானே திருப்பிவிடுவது ஆகிய ஏற்பாடுகள். மனைவிக்கு ரிவர்ஸ் கேமரா தெளிவாக இருந்தால் போதும். அம்மாவை யாரும் கூட்டிப்போகவில்லை. இந்த வாங்கலில் நடந்த முதல் பிழை இதுதான். அப்போது எனக்கும் உறைக்கவில்லை.

அடாஸை சமயபுரம் சுங்கச்சாவடி தாண்டி நால்வழிச் சாலையில் சோதித்தோம். கோடுகள் பளிச்சென்று இருந்த இடத்தில் அருமையாக வேலை செய்தது. திரும்பி ஊருக்குள் வந்ததும் கதை மாறியது. பைக்குகள் குறுக்கே வெட்டும்போதெல்லாம் எச்சரிக்கை ஒலி. மனைவி ஓட்டியபோது ஸ்டியரிங் லேசாகத் தானே அசைந்ததில் பதறிப்போய்ப் பிரேக்கை மிதித்தார். "பழகிடும் மேடம்" என்றார் விற்பனையாளர். பழகலாம்தான். ஆனால் வருடத்தில் எத்தனை நாள் நால்வழிச் சாலை, எத்தனை நாள் சத்திரம் பேருந்து நிலைய நெரிசல் என்று அன்றைக்கு யாரும் எண்ணவில்லை.

அவர்கள் பார்த்த வண்டியில் அடாஸ், காற்று வரும் சீட், பெரிய திரை ஆகியவை உச்ச வேரியன்ட்டில் இருந்தன. சன்ரூஃபும் ஆறு ஏர்பேக்கும் நடுத்தர வேரியன்ட்டிலேயே உண்டு. இரண்டுக்கும் எக்ஸ்-ஷோரூம் வித்தியாசம் 1,90,000 ரூபாய். தமிழ்நாட்டில் 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையுள்ள காருக்கு ஆயுள் வரி, அதாவது பதிவின்போது ஒரே தடவையாகக் கட்டும் சாலை வரி, 18 சதவீதம். 2023 நவம்பரில் உயர்த்திய விகிதம் இது. அதாவது இங்கே ஒவ்வொரு வசதியும் அதன் விலையைப் போல 1.18 மடங்குக்கு வருகிறது. 1,90,000 உண்மையில் 2,24,200. காப்பீடும் சேர்ந்தால் இன்னும் கொஞ்சம். ஷோரூம் பேச்சில் இந்த 34,200 ரூபாய் கண்ணில் படாது, ஏனென்றால் அது "ஆர்.டி.ஓ." என்ற தனி வரியில் ஒளிந்திருக்கும்.

இருந்தும் ஜூலை இரண்டாம் வாரம் உச்ச வேரியன்ட்டையே எடுப்பது என்று கணவர் மனத்தளவில் முடிவு செய்துவிட்டார். "ஒரு தடவைதானே வாங்குறோம்" என்பது அவர் வாதம்.

ஆடியில் வந்த விலை

ஜூலை 17 ஆடி முதல் தேதி. ஆடியில் வண்டி எடுக்கமாட்டார்கள் என்பது டீலர்களுக்கும் தெரியும். அதனால், இப்போது புக் செய்து பில் போட்டுக்கொள்ளுங்கள், ஆவணி பிறந்ததும் டெலிவரி எடுங்கள் என்றார்கள். 65,000 ரூபாய் தள்ளுபடி, எக்ஸ்சேஞ்ச் போனஸ் 20,000. பழைய ஐ10-க்கு 1,35,000 மதிப்புப் போட்டார்கள். வண்டி மார்ச் மாதத் தயாரிப்பு.

எடுக்கவில்லை. அம்மாவுக்கு ஆடியில் பில் போடுவதும் ஆடியில் வாங்குவதும் ஒன்றுதான். "கையெழுத்து ஆடியிலதானப்பா" என்றார். இதை மூடநம்பிக்கை என்று நான் எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் பணம் போடுகிற வீட்டின் நாள் கணக்கும் அந்த வாங்கலில் ஒரு நிபந்தனைதான். அதை மறைத்துவிட்டு எழுதினால் பதிவு பொய்யாகிவிடும்.

ஆகஸ்ட் 15: கணக்கு கலைந்தது

சுதந்திர தின உரையில் ஜி.எஸ்.டி. சீர்திருத்தம் தீபாவளிக்குள் வரும் என்று பிரதமர் அறிவித்தார். மறுநாள் ஆடி முடிந்தது. ஆவணி முதல் நாள் எடுக்கலாம் என்றிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள்.

அப்போது தெரிந்தது இவ்வளவுதான்: 5, 18 என்று இரண்டு விகிதங்கள், சில பொருள்களுக்கு மட்டும் தனியாக 40 சதவீதம். நடுத்தர செடானுக்கு அன்றைய நிலையில் 28 சதவீத ஜி.எஸ்.டி.யும் அதற்கு மேல் இழப்பீட்டு செஸ் என்ற 17 சதவீதக் கூடுதல் வரியும் சேர்த்து 45 சதவீதம். இது 40-க்குப் போகுமா, 40-க்கு மேல் செஸ் வருமா என்று உறுதியாகச் சொல்ல ஆளில்லை. "செடானுக்குக் குறையாது சார், ஏறினாலும் ஏறும்" என்றார் ஒரு விற்பனையாளர். இன்னொருவர், "கண்டிப்பா 75,000 குறையும்" என்றார். இருவருமே ஊகம்தான் சொன்னார்கள்.

இங்கே எடுத்த முடிவு சரியானது என்று இன்றும் நினைக்கிறேன். வாங்கவும் இல்லை, கைவிடவும் இல்லை. 11,000 ரூபாய் கட்டிப் புக் செய்தார்கள். புக்கிங் படிவத்தின் பின்பக்கம் மூன்று வரி கையால் எழுதி, மேலாளர் கையெழுத்தும் முத்திரையும் வாங்கினோம். பில் போடும் நாளில் உள்ள வரியும் விலையும்தான் பொருந்தும். வரி குறைந்தால் முழுதும் வாடிக்கையாளருக்கு. ரத்து செய்தால் 11,000 முழுதாகத் திரும்ப வரும். முதலில் தயங்கினார்கள். அப்படியானால் அடுத்த ஷோரூமில் கேட்கிறோம் என்றதும் முத்திரை விழுந்தது.

காத்திருந்த நாள்களில் வீட்டில் நடந்தது

வாங்குவது தள்ளிப்போனதால் வீட்டுக்காரர்களுக்கு வேறு வேலையில்லாமல் போயிற்று. அந்த ஓய்வில்தான் முக்கியமான இரண்டு விஷயங்கள் வெளியே வந்தன.

ஒன்று, கேட். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் டேப்பை எடுத்து போர்டிகோவை அளந்தாள். சுவரிலிருந்து கேட் வரை 15 அடி 8 அங்குலம், அதாவது சுமார் 4,775 மில்லிமீட்டர். வெர்னா 4,535, ஸ்லாவியா 4,541, வெர்டஸ் 4,561, சிட்டி 4,583. "எல்லாம் உள்ள போயிடும்" என்றார் கணவர். போகும். ஆனால் கேட் உள்பக்கமாகத் திறக்கும் இரட்டைக் கதவு, ஒவ்வொன்றும் 4 அடி. ஐ10-க்குப் பின்னால் ஒரு மீட்டருக்கு மேல் இடம் இருந்ததால் கதவு சுழன்று மூடிக்கொண்டிருந்தது. செடானுக்குப் பின்னால் மிஞ்சுவது ஒரு சாண். வண்டி உள்ளே, கேட் திறந்தபடி. வெளிப்பக்கமாகத் திறக்க வைத்தால் சந்தில் போகிற பைக் வந்து மோதும். பக்கத்து மதிலோரம் 8 அடி காலியாக இருந்ததால் தள்ளு கேட் போட முடிந்தது. 32,000 ரூபாய். இந்தச் செலவு எந்த ஷோரூம் கொட்டேஷனிலும் வராது.

கேட்டோடு சேர்ந்தது வாசல் சரிவு. சந்தில் சாலை மேலே மேலே போட்டு வீடு இறங்கிவிட்டது, ஸ்ரீரங்கத்தில் பல வீடுகளின் கதை. அதனால் போர்டிகோவுக்குள் வண்டி இறங்கித்தான் போகவேண்டும். டெஸ்ட் டிரைவ் வண்டியை வீட்டுக்கே வரவழைத்து ஐந்து பேர் உட்கார்ந்து இறக்கிப் பார்த்தோம். மேட்டு விளிம்பில் வண்டியின் அடிவயிறு 'சர்ர்' என்று உரசியது. காலியாக இருக்கும்போது உரசவில்லை. கொத்தனாரை வைத்து அந்த விளிம்பைச் செதுக்கிச் சரிவை நீட்டினார்கள்.

இரண்டாவது விஷயம் அம்மா. அதே நாள் அவரை முதல் தடவையாக வண்டியில் உட்காரவைத்தோம். பின்சீட்டில் உட்கார்ந்துவிட்டார். இறங்குவதுதான் பாடாகிவிட்டது. சீட் தாழ்வு, வலது முழங்கால் அவ்வளவு மடங்காது, பிடித்து எழ ஒன்றுமில்லை. கதவின் மேல் கைப்பிடி அவருக்கு எட்டவில்லை. மருமகள் முன்சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி, "அத்தை, முதல்ல பக்கவாட்டுல உட்காருங்க, அப்புறம் ரெண்டு காலையும் சேர்த்து உள்ள திருப்புங்க" என்றார். அது நடந்தது. கீழே இரண்டு அங்குல மெத்தை ஒன்றை வைத்ததும் இறங்குவதும் நடந்தது. மூன்று வண்டிகளில் ஒன்றில் முன்கதவு அகலமாகத் திறந்தது, கதவடிச் சட்டமும் குறுகலாக இருந்தது. தேர்வு அங்கேயே முக்கால்வாசி முடிந்துவிட்டது.

உச்ச வேரியன்ட்டின் கதையும் அன்று மாலையே முடிந்தது. "அம்மாவுக்கு அதுல கூடுதலா என்ன இருக்கு?" என்று மனைவி கேட்டார். சீட்டில் வரும் காற்றைத் தவிர ஒன்றுமில்லை. மெத்தை போட்டால் அந்தக் காற்றும் வராது. கணவர் இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு நடுத்தர வேரியன்ட்டுக்குச் சரி என்றார்.

செப்டம்பர் 3 முதல் 22 வரை

செப்டம்பர் 3-ம் தேதி ஜி.எஸ்.டி. கவுன்சிலின் 56-வது கூட்டம். நாலு மீட்டருக்கு மேற்பட்ட கார்களுக்கு 40 சதவீதம், அதற்கு மேல் செஸ் இல்லை. செப்டம்பர் 22 முதல் அமல்.

45 போய் 40 வந்ததால் விலை 5 சதவீதம் குறையும் என்று பலரும் கணக்குப் போட்டார்கள், விற்பனையாளர்கள் உட்பட. 15 லட்சத்தில் 5 சதவீதம் 75,000. இது தவறு. 15 லட்சம் என்பது வரி சேர்ந்த விலை. 1.45-ஆல் வகுத்தால் வரிக்கு முந்தைய விலை 10,34,483. அதில் 40 சதவீதம் சேர்த்தால் 14,48,276. குறைவது 51,724, அதாவது ஏறக்குறைய 3.4 சதவீதம். ஆயுள் வரியும் அதற்கேற்ப 9,310 குறையும். மொத்தம் 61,000 ரூபாய்.

இதே அறிவிப்பு சின்ன செடான்களை எங்கேயோ கொண்டுபோய்விட்டது. நாலு மீட்டருக்குள், 1,200 சி.சி.க்குள் உள்ள பெட்ரோல் கார்களுக்கு 29 சதவீதம் 18 ஆயிற்று. மகள் ஒரு கணக்கு போட்டு அனுப்பினாள்: 10,90,000 விலையுள்ள ஒரு சின்ன செடான் 9,97,000-க்கு வரும். பத்து லட்சக் கோட்டுக்குக் கீழே விழுந்துவிட்டதால் ஆயுள் வரி 18-லிருந்து 13 சதவீதத்துக்கு மாறும். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 1,59,500 ரூபாய் மிச்சம். நடுத்தர செடானில் கிடைப்பது 61,000. காப்பீட்டை விட்டுப் பார்த்தால் இரண்டு வண்டிக்கும் முன்பிருந்த இடைவெளி 4.84 லட்சம். அது 5.82 லட்சமாக விரிந்தது. வரி குறைந்த செய்தியைக் கேட்டுச் சந்தோஷப்பட்ட வீட்டில், தாங்கள் வாங்கப்போகும் வகை ஒப்பீட்டில் விலை கூடிவிட்டது என்பது புரிய ஒரு வாரம் ஆயிற்று.

சின்ன செடானையும் போய்ப் பார்த்தார்கள். ஒரு மனதாக ஒதுக்கவில்லை, மகள் கடைசிவரை அதற்காகவே வாதாடினாள். முன்சீட்டை அம்மாவுக்காக முழுக்கப் பின்னால் தள்ளியதும் அதன் பின்னால் யாரும் கால் வைக்க முடியவில்லை. சின்ன செடான்களில் முன், பின் சக்கரங்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி 2,450 - 2,470 மில்லிமீட்டர், நடுத்தரத்தில் 2,600-லிருந்து 2,670. தாளில் ஒரு சாண்கூடத் தேறாத வித்தியாசம். அந்தச் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தால் தெரிகிறது. லால்குடி பக்கத்து நிலத்திலிருந்து அரிசி மூட்டை வரும், மகளின் விடுதிச் சாமான் போகும், அதற்கு டிக்கியும் வேண்டும். ஆனால் வீட்டில் அம்மா இல்லாமல், இரண்டு பேர் மட்டும் என்றால் அந்தக் கூடுதல் 5.82 லட்சத்துக்கு நான் சரி சொல்லியிருக்கமாட்டேன்.

செப்டம்பர் 10 வாக்கில் டீலரிடமிருந்து தொடர்ந்து போன் வந்தது. செஸ் கட்டி எடுத்த பழைய ஸ்டாக் 22-க்குப் பிறகு அவர்கள் கையில் நின்றால், கட்டிய செஸ்ஸை ஈடுகட்ட வழியில்லை. அதனால் 22-க்குள் பில் போட்டால் மொத்தத் தள்ளுபடி 1,10,000 என்றார்கள். ஐ10-க்கு 1,25,000. 22-க்குப் பிறகு தள்ளுபடி 25,000 மட்டும்தான், அதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள்.

எடுத்திருக்கலாம். நான் அன்றே கணக்கைச் சொன்னேன்: 22-க்குப் பிறகு 61,000 வரியும் 25,000 தள்ளுபடியும் சேர்த்து 86,000. இப்போது 1,10,000. அவர்கள் எடுக்காததற்கு இரண்டு காரணம். வண்டி மார்ச் தயாரிப்பு, ஆறு மாதம் யார்டில் வெயிலில் நின்றது. மற்றொன்று, அது மாளய பட்சம். செப்டம்பர் 21 அமாவாசை வரை அம்மா சம்மதிக்கமாட்டார். முதல் காரணத்துக்கு நாங்கள் கொடுத்த எடை அதிகம். ஆர்.சி.யில் தயாரிப்பு மாதமும் வருடமும் பதிவாகும் என்றாலும், மறுவிற்பனையில் பேசப்படுவது பெரும்பாலும் வருடம்தான். மார்ச்சும் செப்டம்பரும் இரண்டுமே 2025. பேட்டரியையும் டயரையும் பார்த்துவிட்டு எடுத்திருந்தால் போதும். இரண்டாவது காரணத்துக்கு என்னிடம் பதில் இல்லை.

வாங்கியது

22-க்குப் பிறகு ஷோரூமில் நிற்க இடமில்லை. ஆயுத பூஜைக்கு, அதாவது அக்டோபர் 1-க்கு, கேட்டார்கள். வெள்ளை நிறம் இல்லை. தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால், அக்டோபர் 17 வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகுகாலம் பிறக்கும் முன் டெலிவரி. ஐ10-க்கு இப்போது 1,10,000 தான். புது சின்ன கார்களே விலை குறைந்துவிட்டதால் பழையதுக்கும் விலை இறங்கிவிட்டது என்றார்கள். அதில் நியாயம் இருக்கிறது. எங்கள் கணக்கில் அது எங்குமே இல்லை.

பதிவு செய்வதற்கு முன் யார்டில் வண்டியைப் பார்த்தோம். மீட்டரில் 38 கிலோமீட்டர், தயாரிப்பு செப்டம்பர், டயரில் 31-வது வாரம் என்று குறி. பின்கதவில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல் இருந்தது. பதிவுக்கு முன் என்பதால் வேறு வண்டி காட்டினார்கள். பதிவு முடிந்தபின் பார்த்திருந்தால் பாலிஷ் போட்டுத்தான் தந்திருப்பார்கள்.

பில்லில் 9,500 ரூபாய் 'கையாளும் கட்டணம்' என்று இருந்தது. எதைக் கையாண்டதற்கு என்று எழுதிக் கொடுங்கள் என்றோம், நீக்கிவிட்டார்கள். காப்பீட்டுக்கு 68,000 கேட்டார்கள். ஒரு வருடச் சொந்தச் சேதம், மூன்று வருட மூன்றாம் நபர் காப்பீடு, ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காமல் இழப்பீடு தருவது) எல்லாம் சேர்த்து வெளியே 49,000-க்கு வாங்கிய கொட்டேஷனைக் காட்டியதும் 53,000-க்கு இறங்கினார்கள். அங்கேயே எடுத்தார்கள். பத்து லட்சத்துக்கு மேல் என்பதால் 1 சதவீத டி.சி.எஸ்., அதாவது விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி, பிடித்தார்கள். வருமான வரிக் கணக்கில் இதைத் திரும்பப் பெறலாம் என்பது கணவருக்குத் தெரியாது, டீலரும் சொல்லவில்லை.

விளைவு

மூன்று தேதிகளின் கணக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். தள்ளுபடி, வரிக் குறைப்பு, பழைய காரின் விலை எல்லாம் சேர்த்து ஆடியில் எடுத்திருந்தால் 2,20,000. செப்டம்பர் 10-ல் 2,35,000. அக்டோபரில் கிடைத்தது 1,96,000. நாடே பேசிய வரிக் குறைப்புக்காகக் காத்திருந்து, ஆடியைவிட 24,000 குறைவாகவே பெற்றிருக்கிறார்கள். வரி குறைந்தது உண்மை. தள்ளுபடி அதே வேகத்தில் மறைந்ததும் உண்மை.

ஆனால் ஆடியில் எடுத்திருந்தால் அது 2,24,200 ரூபாய் கூடுதல் விலையில் உச்ச வேரியன்ட்டாக இருந்திருக்கும். அம்மா உட்கார்ந்து பார்க்காத வண்டியாகவும், கேட் மூடாத வீட்டில் நிற்கும் வண்டியாகவும் இருந்திருக்கும்.

டெலிவரி எடுத்த பிறகு நான்கு மாதத்தில் 5,800 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஊருக்குள் லிட்டருக்கு 11, 12. சென்னை போனால் 17-க்குக் குறையவில்லை. அம்மா வாரம் இரண்டு முறை கோயிலுக்கும் பிசியோதெரபிக்கும் முன்சீட்டில் போகிறார். மெத்தை நிரந்தரமாக அங்கேயே கிடக்கிறது. சன்ரூஃப் முதல் வாரம் திறந்தது, அப்புறம் அதன் திரையைக்கூட யாரும் விலக்கவில்லை. திருச்சி வெயில்.

மறுபடி வாங்கினால் மாற்றுவது

அம்மாவை முதல் நாளே ஷோரூமுக்குக் கூட்டிப்போவோம். இதைக் கணவரே சொன்னார். உட்கார வைப்பதோடு நிறுத்தாமல் இறங்கவும் வைக்க வேண்டும். போர்டிகோவை அளப்பது வண்டிப் பட்டியல் போடுவதற்கு முன்பே நடக்க வேண்டிய வேலை.

தள்ளுபடியையும் வரியையும் தனித்தனியாகப் பார்க்காமல், ஒவ்வொரு தேதிக்கும் கையிலிருந்து போகும் மொத்தப் பணம் எவ்வளவு என்று ஒரே தாளில் எழுதியிருக்க வேண்டும். பழைய காரின் விலையும் அந்தத் தாளில் வந்திருந்தால், ஐ10-ஐ ஆகஸ்டிலேயே தனியாக விற்றுவிட்டு இரண்டு மாதம் ஆட்டோவில் போயிருப்பார்கள். தயாரிப்பு மாதத்துக்கு இவ்வளவு பயப்பட்டிருக்கவேண்டாம் என்பது என் கருத்து. கணவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

அடாஸ் விஷயம் மட்டும் அந்த வீட்டில் முடியவில்லை. டிசம்பரில் மகளைக் கூட்டிவர மனைவி ஓட்டிக்கொண்டு போனார். இருட்டிய பிறகு பாடாலூர் தாண்டி, பின்விளக்கே இல்லாத ஒரு கரும்பு டிராக்டர் இடது லேனில். கடைசி நேரத்தில் பார்த்துப் பிரேக் போட்டார், ஒன்றும் ஆகவில்லை. அது இருந்திருந்தால் முன்னாலேயே கத்தியிருக்கும் என்கிறார் கணவர். விளக்கில்லாத டிராக்டர் அதன் கண்ணுக்கு மட்டும் தெரிந்திருக்குமா என்கிறார் மனைவி. அடுத்த சென்னைப் பயணத்தைப் பகலிலேயே வைத்துக்கொண்டார்கள்.